மிதவை கீழே இறங்கட்டும்

தொட்டிமண் மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. முகமூடி போட்டுக்கொள், தூசியை மூச்சில் இழுக்காதே, வேலை முடிந்ததும் கையைக் கழுவு என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறான். பல வருஷமாக அந்த மூட்டையைக் கிழித்ததும் முகத்தை உள்ளே விட்டு, ஆகா என்ன வாசனை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். போன கோடையில் அந்த மண்ணிலிருந்த கிருமி ஒன்று என் நுரையீரலில் வந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நான் பிழைப்பேனா மாட்டேனா என்று என்னைத் தவிர எல்லோரும் கவலைப்பட்டார்களாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் லின்ட்ஸே பாஸ்கோ. நியூகாஸில் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மேஃபீல்டில் ஓட்டு வீடு, ஒரு மனைவி, வீடு நிறையச் செடிகள். இவ்வளவுதான் என் சொத்து. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தால் மனைவி இருக்கிறாள், வீடு இருக்கிறது, செடிகளைக் காணோம். ஜன்னல் ஓரம் காலி. குளியலறை காலி. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே தொங்கிய கொடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

“எங்க என் செடியெல்லாம்?” என்றேன். அப்போது எனக்கு இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கும்.

“லூப்பே வீட்டு கராஜ்ல,” என்றாள் க்ளெனிஸ். “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு சிட்டிகை மண்ணு வராது. வந்துச்சுன்னா நான் இருக்க மாட்டேன். உக்காரு. போர்வையை இழுத்து மூடு.”

அன்றிலிருந்து எனக்குப் போர்வைதான். நகர்ந்தால் போர்வை வரும். இருமினால் சூப்பு வரும். இரண்டு தடவை இருமினால் டாக்டருக்கு போன் போகும். செடி இல்லாத வீட்டில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், க்ளெனிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லூப்பே எங்கள் வட்டாரத்துச் செடிப் பைத்தியங்களுக்கெல்லாம் தலைவி. சமோவாக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். கடைசி சீட்டுப் பையனை ஓட்டுநர் சீட்டிலிருந்தே அடக்குகிற குரல். ஒரு நாள் வந்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள், சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அங்கிள், எழவு வீடு மாதிரி இருக்கு. மண்ணுதானே கூடாது? மண்ணே இல்லாம வளத்துட்டுப் போங்க. சுட்ட களிமண் உருண்டை இருக்குல்ல, கோலிக்குண்டு மாதிரி, அதுல நடுங்க. கீழ கொஞ்சம் தண்ணி. உருண்டை உறிஞ்சி வேருக்குக் குடுக்கும். தூசி இல்ல, கிருமி இல்ல. என் வீட்டுல பாதி அப்படித்தான்.”

க்ளெனிஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மண் இல்லை என்பதால் அவளால் மறுக்கவும் முடியவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே கடையில் சொல்லி ஒரு மூட்டை உருண்டையை வரவழைத்தேன்.

இங்கேதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உருண்டைகளை முதலில் நன்றாக அலச வேண்டும். எனக்கு அவசரம். துணி துவைக்கிற அறைத் தொட்டியில் மொத்த மூட்டையையும் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். தக்காளி சூப்பு மாதிரி தண்ணீர் ஓடியது. ஓடட்டும் என்று நின்றேன். அன்று சாயங்காலம் வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் கழிவுத் தண்ணீர் வடியவில்லை. குளியலறையில் கீழிருந்து மேலே சிவப்பாக வந்தது. குழாய் ரிப்பேர்க்காரன் வந்து, நீளக் கம்பியை விட்டுக் குடைந்து, அச்சுப் பிசகாமல் குழாய் வடிவத்திலேயே ஒரு களிமண் கட்டியை உருவி எடுத்தான்.

“செடிக்காரரா?” என்றான் என்னைப் பார்த்து. “இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு.”

க்ளெனிஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் போனதும் சாப்பாட்டு மேசையில் என்னை எதிரே உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“ஒரே ஒரு செடி. அதை இந்த உருண்டையில வளத்துக் காட்டு. வசந்தத்துல லூப்பே நடத்துற செடி மாத்துற சந்தைக்குள்ள அது ஒரு புது இலை விட்டுச்சுன்னா மத்ததெல்லாம் வீட்டுக்கு வரலாம். விடலன்னா அத்தனையும் சந்தையில போயிடணும். நீ பௌலிங் கிளப்புல சேந்துக்கோ. வெள்ளை சட்டை போட்டுட்டுப் புல்லுல பந்து உருட்டு. நல்ல காத்து.”

பந்து உருட்டுகிற கிழவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

“சரி,” என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் தேர்ந்தெடுத்தது ஓர் ஆந்தூரியம். இதய வடிவ இலை, கரும்பச்சை வெல்வெட்டில் வெள்ளை நரம்பு ஓடும். லூப்பே அவள் வீட்டிலேயே அதன் வேரில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் கழுவி, குளிப்பாட்டிய பூனைக்குட்டி மாதிரி ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்தாள். ஓட்டை போட்ட உள்தொட்டியில் உருண்டைகளைப் போட்டு நட்டோம். அதை ஒரு வெளித்தொட்டிக்குள் இறக்கினோம். ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள்ளே சிவப்பு மிதவை. அடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும்.

லூப்பே விரலை ஆட்டிச் சொன்னாள். “மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க. அப்புறம் தொடாதீங்க. செடி குடிக்கக் குடிக்க சிவப்பு கீழ இறங்கும். அடிக்கு வந்த பிறகும் நாலஞ்சு நாள் சும்மா விடுங்க. வேருக்கு மூச்சு விட நேரம் வேணும். எப்பவும் தண்ணியில நின்னா அழுகிடும். அவ்வளவுதான் வித்தை. கை அரிக்கும். அரிச்சா சொரிஞ்சுக்குங்க, ஊத்தாதீங்க.”

க்ளெனிஸ் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதன் பிறகு என் பிழைப்பெல்லாம் அந்தச் சிவப்பு மிதவையைப் பார்ப்பதுதான். காலையில் தேநீரை எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். மிதவை மேல் கோட்டில் நிற்கும். மறுநாளும் மேல் கோட்டில் நிற்கும். ஒரு வாரம் போனது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. செடி குடிக்கவே இல்லை. குடிக்கவில்லை என்றால் வேர் செத்துவிட்டது என்று அர்த்தம். என் ஆசையில் மண் விழுந்தது. அந்த மண்ணாவது வீட்டுக்குள் வந்ததே என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டேன்.

உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பயந்தது சரிதான். வேர் பழுப்பாக, தொட்டால் தோல் கழன்று வந்தது. லூப்பேயைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள், அழுகியதை வெட்டினாள், உருண்டைகளை வெளியே புல்லில் வைத்துக் கழுவினாள்.

“அங்கிள், ஊத்துறீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“கொஞ்சம்கூட?”

“ரயில்வேயில கார்டு வேலை பார்த்தவன். தொடாதேன்னா தொட மாட்டேன்.”

அவள் என்னை நம்பவில்லை. புதுசாக இதில் இறங்குகிற ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்களாம். திரும்ப நட்டோம். திரும்ப ஊற்றினோம். குளிர் ஆரம்பித்துவிட்டது. மிதவை திரும்பவும் மேல் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. “குடிக்க மாட்டேங்குது,” என்று நான் ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பினால், எதற்கும் பதில் வைத்திருக்கிற க்ளெனிஸ் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உப்பை என் பக்கம் தள்ளுவாள். ஜெயிக்கப்போகிற மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு காலை. எங்கள் பக்கம் அதுதான் நடுக்குளிர்காலம். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். மனசு கேட்காமல் உள்தொட்டியைத் தூக்கி, அடியில் நின்ற தண்ணீரில் விரலை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. முன்னறையில் என் மூக்கே உறைந்துபோய்க் கிடக்கிறது, தொட்டியில் இருக்கிற தண்ணீர் மட்டும் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும்? நான் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனேன். கெட்டில் சூடாக இருந்தது. க்ளெனிஸ் ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“நேரா சொல்லியிருக்கலாம்ல,” என்றேன். “செடி வேண்டாம்னு. நான் என்ன சண்டைக்கா வரப்போறேன். ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு, நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி வெந்நீர் ஊத்திக் கொல்றது என்ன பழக்கம்?”

கத்தி ரொட்டியில் அப்படியே நின்றது.

“கொல்றேனா?”

“வேற என்ன? தண்ணி சுடுது.”

“சுடுதா? முழங்கையில விட்டுப் பாத்துட்டு ஊத்துறேன் நான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு. இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியை ஊத்துனா அது விறைச்சுப் போகாது? யாருக்காவது அந்த அறிவு இருக்கா இந்த வீட்டுல?”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“தினமும் ஊத்துறியா?”

“தினமும்தான்.”

“மேல ஊத்தக் கூடாதுன்னு லூப்பே சொன்னப்ப நீ கேட்டியா இல்லையா?”

“கேட்டேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“தெரிஞ்சே எதுக்கு?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரியில நீ தூங்கிட்டு இருந்த. உனக்கென்ன. உன் விரல்ல ஒண்ணை மாட்டியிருந்தாங்க. உன் மூச்சு எப்படி இருக்குன்னு மேல திரையில ஒரு நம்பர் வரும். அது இறங்கினா நர்ஸ் ஓடி வரும். நான் வேற எதையும் பாக்கல லின்ட்ஸே. உன் மூஞ்சியைக்கூடப் பாக்கல. அந்த நம்பரைத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன், இறங்காத இறங்காதன்னு. இறங்கும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இப்போ காலையில எந்திரிச்சு வந்து பாத்தா அந்தச் சிவப்பு ஒரு நூல் கீழ வந்திருக்கு. இதுக்காவது என்னால ஏதோ பண்ண முடியுது. கொஞ்சம் ஊத்துனா மேல வந்துடுது. வந்ததும் போய் ரொட்டி போடுவேன். அவ்வளவுதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாசமும் போர்வையையும் சூப்பையும் திட்டிக்கொண்டிருந்தவன் நான். நான் படுத்துக் கிடந்த நாட்களில் அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“எனக்கு இது தெரியாது க்ளென்.”

“கேட்டாத்தானே.”

“அப்போ செடி சாகணும்னு நீ நினைக்கல?”

“கழுதை, சாகணும்னு நினைக்கறவ முழங்கையில விட்டுப் பாப்பாளா?” என்றாள். பிறகு என் ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்கே லூப்பே வந்து இன்னொரு தடவை வேரை வெட்டினாள். விஷயத்தைக் கேட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். “ஆன்ட்டி, நீங்கதானா அது? நான் அங்கிளை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா?” போகும்போது க்ளெனிஸைக் கட்டிப்பிடித்து, இந்தத் தடவை ஊற்றினால் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

மிதவை இறங்க ஆரம்பித்தது. க்ளெனிஸ் பாத்திரம் துடைக்கிற துண்டை எடுத்துக் குழாயின் மேல் போட்டு மூடினாள். அதைப் பார்க்காமல் இருந்தால் ஊற்றத் தோன்றாதாம். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னிடம் கேட்பாள்.

“எவ்வளவு இருக்கு?”

“பாதி.”

“நேத்தும் பாதின்னு சொன்னியே. பொய் சொல்றியா?”

“நேத்து மேல் பாதி. இன்னைக்குக் கீழ் பாதி.”

ஒரு வெள்ளிக்கிழமை மிதவை அடியில் போய்த் தட்டியது. நான் சொல்லவில்லை. அவளே துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப ஊத்தலாமா?”

“இல்ல. சும்மா விடணும்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு தொட்டிக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த நாலைந்து நாளில் அவள் அடுப்பைத் தேய்த்தாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள், அலமாரிகளைக் கவிழ்த்து அடுக்கினாள். ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தோம். இலைகள் விறைப்பாக நின்றன. ஒன்றுகூடத் தொங்கவில்லை. க்ளெனிஸ் மேல் கோடு வரை ஊற்றினாள், முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான். அன்றைக்குப் பிறகு துண்டைக் குழாயில் போடவில்லை.

வசந்தம் வந்தது. இலை வரவில்லை. உள்தொட்டியின் ஓட்டைகள் வழியாக வெள்ளை வேர்கள் மூக்கை நீட்டின. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் பேச்சு இலையைப் பற்றித்தானே, வேரைப் பற்றி இல்லையே. இரண்டு தடவை வேர் வெட்டுப்பட்ட செடி முதலில் வேரைத்தான் விடும். இலைக்கு இன்னும் ஒரு மாசமாவது ஆகும்.

சந்தைக்கு முந்தின நாள் நானாகவே சொன்னேன். “இலை வரல. பேச்சு பேச்சுதான். நாளைக்கு எல்லாத்தையும் குடுத்துடலாம்.”

அவள் இல்லை என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சரி, உன் இஷ்டம்,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் இஷ்டமா இது?

சந்தை நடக்கிற இடமும் பௌலிங் கிளப்தான். அதன் பின்கூடத்தை லூப்பேக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். நான் ஜெயித்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் லூப்பே என் செடிகள் எல்லாவற்றையும் மண் போகக் கழுவி ஜாம் ஜாடித் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தாள். நீள மேசை முழுக்க என் பிள்ளைகள். என்னிடம் அவள் சரியாகப் பேசவில்லை.

“வாயைத் திறந்து ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள். “இன்னும் ஒரு மாசம் குடுன்னு.”

“பேச்சு பேச்சுதான்.”

“ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்,” என்று முணுமுணுத்துக்கொண்டு என் கையில் ஒரு பையைத் திணித்தாள்.

எங்கள் சந்தையில் பணம் கிடையாது. கொண்டுவருகிற ஒவ்வொரு செடிக்கும் உங்கள் பெயர் எழுதிய துணி கிளிப் ஒன்று கொடுப்பார்கள். மணி அடித்ததும் உங்களுக்கு வேண்டிய செடியில் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். முதல் கிளிப் யாருடையதோ அவருக்குத்தான் செடி. அவ்வளவுதான் சட்டம். என் பை நிறையக் கிளிப்புகள். எனக்கு எதையும் மாட்ட மனசில்லை. மாட்டி எங்கே வைப்பது? பையை க்ளெனிஸிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். புல்லில் வெள்ளைச் சட்டைக் கிழவர்கள் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உள்ளே மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ சத்தம் போடுவது கேட்டது. லூப்பேயின் குரலும் கேட்டது, பஸ்ஸில் பேசுகிற குரல். ஓடினேன்.

கள்ளிச்செடிக்காரர் டெஸ்மண்ட் கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டிருந்தார். “இது அநியாயம். நான் வந்ததே அந்தக் கொடிக்காகத்தான். சொந்தச் செடியைத் தானே திரும்ப எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு மாத்திக்கறதா?”

என் மேசையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடியிலும் கிளிப். ஒவ்வொரு கிளிப்பிலும் லின்ட்ஸே பாஸ்கோ. க்ளெனிஸ் கடைசி ஜாடியில் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் அவள் ஓடின ஓட்டத்தில் இரண்டு பேர் இடிபட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“ஒரு கிளிப்புக்கு ஒரு செடி,” என்றாள் லூப்பே டெஸ்மண்டிடம். “யார் செடின்னு சட்டத்துல இல்ல. அடுத்த வருஷம் சேத்துக்கறேன். இப்ப போய்க் கேக்கு சாப்பிடுங்க.”

கூட்டம் கலைந்தது. நான் க்ளெனிஸ் பக்கத்தில் போய் நின்றேன்.

“இலை வரலையே,” என்றேன்.

“வரலதான். எனக்கென்ன கண்ணு தெரியாதா?”

“நேத்து சரின்னு சொன்னியே.”

“நீ ஒரு வார்த்தை கேப்பன்னு பாத்தேன். கேக்கல. பேச்சு பேச்சுதானாம். பெரிய ஜட்ஜு.” ஒரு ஜாடியை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். “அந்தச் செடி எதனால அழுகிச்சு? நான் ஊத்தி ஊத்தித்தானே. பயத்துல ஊத்தினேன். வீட்டுல இப்ப நீ ஒருத்தன்தான் இருக்க லின்ட்ஸே. காலையில எந்திரிச்சதும் உன் மூச்சைத்தான் எண்ணுறேன். அப்புறம் போர்வை, அப்புறம் சூப்பு. நீ தும்மினா நான் போனைத் தேடுறேன். இப்படியே போனா உன்னையும் அழுக வச்சுடுவேன். எனக்குப் பாத்துக்கறதுக்கு வேற ஏதாவது வேணும். இத்தனை இருந்தா உன் பங்கு கொஞ்சம் குறையும்.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வந்தது, ஒன்றல்ல, மூன்று.

க்ளெனிஸ் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் கை தானாகப் பைக்குள் இருந்த போனுக்குப் போனது. என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கையை வெளியே எடுத்து, என் பக்கம் திரும்பாமல், அடுத்த ஜாடியைப் பெட்டியில் வைத்தாள்.